தொடக்க வேகத்திலிருந்து வினைவேக விதி: ஒரு வரலாற்று ஆய்வு (1850–1937)

ஆய்வுச் சுருக்கம்

வேதிவினை ஒன்றின் வேகம் வினைபடுபொருள்களின் செறிவை எவ்வாறு சார்ந்துள்ளது என்பதைக் கூறுவது வினைவேக விதி. அவ்விதியில் இடம்பெறும் அடுக்குகளைச் சமன்செய்யப்பட்ட வேதிச்சமன்பாட்டிலிருந்து பெற இயலாது, சோதனையால் மட்டுமே பெற இயலும் என்பது இன்றைய பாடநூல்களின் அடிப்படைக் கூற்று. இம்முடிவு உருவான வரலாற்றை 1850 முதல் 1937 வரை நிகழ்ந்த ஆய்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. வினை நிகழ நிகழ வினைக்கலவையே வேறொன்றாக மாறிவிடுகிறது என்னும் உணர்வே தொடக்க வேக முறைக்கு அடித்தளம் என்பதும், அம்முறை சிலவற்றை வெளிப்படுத்தும்போதே வேறு சிலவற்றை மறைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: வினைவேக விதி, தொடக்க வேகம், வினைவகை, வான்ட் ஹாஃப், நொதி வினைவேகவியல், அறிவியல் வரலாறு.

1. முன்னுரை

வேதிவினை வேகவியலைக் கற்கும் மாணவர் எதிர்கொள்ளும் முதற்கணக்கு பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே அமைகிறது. இரு வினைபடுபொருள்களின் தொடக்கச் செறிவுகளும், அவற்றுக்குரிய தொடக்க வேகங்களும் மூன்று அல்லது நான்கு வரிசைகளில் தரப்பட்டிருக்கும். முதற்பொருளின் செறிவை மாற்றாமல் இரண்டாம் பொருளின் செறிவை இருமடங்காக்கும்போது வேகம் நான்கு மடங்கானால், இரண்டாம் பொருளின் அடுக்கு 2. வேகம் இருமடங்கானால் அடுக்கு 1. வேகம் மாறாதிருந்தால் அடுக்கு 0. இவ்வாறு சில வரிகளில் வினைவேக விதி கிடைத்துவிடுகிறது.

இக்கணக்கின் எளிமை, அதன் பின்னுள்ள இரு முடிவுகளை மறைத்துவிடுகிறது. அடுக்கு என்பது சமன்பாட்டில் எழுதப்பட்ட எண் அன்று, அளந்து பெறவேண்டிய எண் என்பது ஒன்று. அவ்வளவீட்டை வினையின் தொடக்கத்திலேயே செய்யவேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே நாளில் ஒருவரால் நிறுவப்பட்டவை அல்ல. ஏறத்தாழ எண்பது ஆண்டுக்காலம் பலர் செய்த ஆய்வுகளிலும் தடுமாற்றங்களிலும் இவை உருப்பெற்றன. 'வினையின் தொடக்கத்தை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?' என்னும் வினாவை முன்வைத்து அவ்வரலாற்றைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வில்ஹெல்மி: முழு வினையையும் பின்தொடர்தல்

வினைவேகத்தைக் கணிதச் சமன்பாட்டால் முதன்முதலில் விளக்கியவர் செருமானிய அறிஞர் லுட்விக் வில்ஹெல்மி (1812–1864). கரும்புச் சர்க்கரை அமிலத்தின் முன்னிலையில் நீருடன் வினைபுரிந்து குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிவதை அவர் 1850ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். கரும்புச் சர்க்கரைக் கரைசல் தளமுனைவுற்ற ஒளியை வலப்புறமாகச் சுழற்றும். விளைபொருள்களின் கலவை இடப்புறமாகச் சுழற்றும். எனவே, வினைக்கலவையிலிருந்து மாதிரி எதனையும் எடுத்துப் பகுக்காமல், போலாரிமீட்டரைக் கொண்டு சுழற்சிக் கோணத்தை அளந்தே வினை எவ்வளவு முன்னேறியுள்ளது என்பதை அறிய முடிந்தது. வினையைக் கலைக்காமல் அதன் போக்கைக் காண வாய்த்த இவ்வசதியே சர்க்கரை வினையை இத்துறையின் முதற்களமாக்கியது எனலாம்.

ஒரு கணத்தில் சர்க்கரை குறையும் வேகம், அக்கணத்தில் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது என வில்ஹெல்மி கொண்டார். அதனைத் தொகையிட்டு, சர்க்கரை அளவின் மடக்கை காலத்துடன் நேர்கோடாகக் குறையவேண்டும் எனக் கண்டு, அளவீடுகளுடன் ஒப்பிட்டார். இன்று முதல்வகை வினை எனப்படுவதன் முதல் எடுத்துக்காட்டு இதுவே. நீரும் இவ்வினையில் பங்கேற்கிறது. ஆயினும், அது மிகுதியாக இருப்பதால் அதன் அளவு மாறாததாகவே தோன்றுகிறது.

இங்கு கவனிக்கத்தக்கது வில்ஹெல்மியின் அணுகுமுறை. அவர் ஒரே சோதனையைத் தொடக்கம் முதல் பின்தொடர்ந்தார். சர்க்கரை குறைவதைத் தவிர வேறெதுவும் வினைக்கலவையில் வேகத்தைப் பாதிக்கும் வகையில் மாறவில்லை என்பது அதில் உள்ளுறைந்த கருதுகோள். அமிலம் செலவாவதில்லை, நீர் மிகுதி, எதிர்வினை புறக்கணிக்கத்தக்கது என்பதால் இக்கருதுகோள் அவ்வினைக்குப் பொருந்தியது. எல்லா வினைகளும் அவ்வாறு அமைவதில்லை. வில்ஹெல்மியின் கட்டுரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியலாரின் கவனத்தைப் பெறாமல் கிடந்து, பின்னர் ஓஸ்ட்வால்டால் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

3. குல்ட்பெர்க், வோகே: அடுக்கு எங்கிருந்து வருகிறது?

நார்வே நாட்டின் கேட்டோ குல்ட்பெர்க், பீட்டர் வோகே இருவரும் 1864ஆம் ஆண்டு நிறைதாக்க விதியை முன்வைத்தனர். வினையைத் தூண்டும் விசை, வினைபடுபொருள்களின் அளவுகளை உரிய அடுக்குகளுக்கு உயர்த்திப் பெருக்கிய தொகைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது அவர்கள் கூற்று. அவ்வடுக்குகள் சோதனையால் கண்டறியப்பட வேண்டியவை என்றே அவர்கள் முதலில் கருதினர். 1867ஆம் ஆண்டு வெளியீட்டில் அடுக்குகள் நீக்கப்பட்டு எளிய பெருக்கல் வடிவம் இடம்பெற்றது. 1879ஆம் ஆண்டுக் கட்டுரையிலோ சமன்பாட்டில் உள்ள குணகங்களே அடுக்குகளாக வந்தன.

இறுதி வடிவம் வேதிச் சமநிலைக்கு முற்றிலும் பொருந்துவது. சமநிலை மாறிலியில் குணகங்களே அடுக்குகளாக இடம்பெறும். ஆனால் முன்னோக்கு வினை, பின்னோக்கு வினை ஆகிய ஒவ்வொன்றின் வேகத்துக்கும் அதே அடுக்குகள் பொருந்தும் என எண்ணுவதற்கும் அவ்வடிவம் இடம்கொடுத்தது. சமநிலைக்கு உண்மையான ஒன்று, வேகத்துக்கும் உண்மை எனக் கொள்ளப்பட்டது. இன்றும் தேர்வுத்தாள்களில் மாணவர் சமன்பாட்டின் குணகத்தை அடுக்காக எழுதுவதற்கும் இக்குழப்பமே அடிப்படை. 1864இல் சோதனைக்கு விடப்பட்டிருந்த வினா, 1879இல் விடை கண்டுவிட்டதாகத் தோன்றியது. அவ்விடையைச் சோதித்துப் பார்க்கும் வழி வேறிடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது.

4. ஹார்கோர்ட், எஸ்ஸன்: ஒன்றை மட்டும் மாற்றுதல்

ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலார் அகஸ்டஸ் வெர்னான் ஹார்கோர்ட் (1834–1919), கணிதவியலார் வில்லியம் எஸ்ஸன் (1838–1916) இருவரும் 1860களில் இரு வினைகளை ஆராய்ந்தனர். முதலாவது, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கும் ஆக்சாலிக் அமிலத்துக்கும் இடையிலான வினை. இது மெதுவாகத் தொடங்கி, பின்னர் விரைவடையும். வினையில் உருவாகும் மாங்கனீசு உப்பே வினையை ஊக்குவிப்பது இதற்குக் காரணம். வில்ஹெல்மியின் சர்க்கரை வினையில் வேகம் குறைந்துகொண்டே சென்றது; இங்கோ செறிவு குறையும்போதே வேகம் கூடுகிறது. தொடக்கத்தில் உள்ள கலவையும் இடையில் உள்ள கலவையும் ஒன்றல்ல என்பதை இவ்வினை கண்கூடாகக் காட்டியது.

இரண்டாவது, ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும் அமிலம் கலந்த அயோடைடுக்கும் இடையிலான வினை. இதில் அவர்கள் கையாண்ட உத்தி நுட்பமானது. வினைக்கலவையில் ஸ்டார்ச்சும், அளவறிந்த சிறிதளவு தயோசல்ஃபேட்டும் சேர்க்கப்பட்டன. உருவாகும் அயோடினைத் தயோசல்ஃபேட் உடனுக்குடன் மீண்டும் அயோடைடாக்கிவிடும். தயோசல்ஃபேட் தீர்ந்த கணத்தில் கரைசல் நீலநிறமாகும். அந்நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த பங்கு தயோசல்ஃபேட் சேர்க்கப்படும். நிறம் மறைந்து, மீண்டும் தோன்றும். இன்று ஆய்வகங்களில் 'அயோடின் கடிகாரம்' எனச் செய்துகாட்டப்படும் சோதனையின் முன்னோடி இது.

இம்முறையின் சிறப்பு, நேரத்தை அளப்பதற்கு அப்பாலும் செல்கிறது. அயோடைடு மீண்டும் மீண்டும் உருவாவதால் அதன் செறிவு மாறுவதில்லை. அமிலம் மிகுதியாக இருப்பதால் அதுவும் ஏறத்தாழ மாறாதது. பெராக்சைடு மட்டுமே குறைகிறது. பின்னர் அயோடைடின் அளவை மட்டும் மாற்றியும், அமிலத்தின் அளவை மட்டும் மாற்றியும் சோதனைகள் நிகழ்ந்தன. இவ்வினையின் சமன்பாட்டில் ஒரு பெராக்சைடு மூலக்கூறுக்கு இரண்டு அயோடைடு அயனிகள் இடம்பெறுகின்றன. ஆனால் வேகமோ அயோடைடு செறிவின் முதல் அடுக்குக்கே நேர்விகிதத்தில் அமைந்தது. குணகம் 2, அடுக்கு 1. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல் என்னும், இன்றைய அட்டவணைக் கணக்கின் அடிப்படை விதி, இவ்வாய்வில் தெளிவாகச் செயல்படுவதைக் காணலாம்.

5. வான்ட் ஹாஃப், ஓஸ்ட்வால்ட்: எண்ணும் பெயரும்

வேதி இயக்கவியல் குறித்து ஜேக்கபஸ் வான்ட் ஹாஃப் 1884ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல், இம்முயற்சிகளைப் பொதுமுறையாக்கியது. வேகம் செறிவின் ஏதோ ஓர் அடுக்குக்கு நேர்விகிதத்தில் உள்ளது எனக் கொண்டு, இரு வேறு செறிவுகளில் வேகத்தை அளந்தால் போதும். வேகங்களின் விகிதத்தின் மடக்கையைச் செறிவுகளின் விகிதத்தின் மடக்கையால் வகுக்க, அடுக்கு கிடைத்துவிடும். அடுக்கை முன்கூட்டியே ஊகித்து, அதற்குரிய தொகையிட்ட சமன்பாட்டைப் பொருத்திப் பார்க்கும் தேவை இதில் இல்லை. வகையீட்டு முறை எனப்படும் இதுவே தொடக்க வேக முறையின் கணித அடிப்படை. அந்நூல் எடுத்துக்காட்டிய வினைகளுள் ஆர்சீன் வாயுவின் சிதைவும் ஒன்று. சமன்பாடு பல மூலக்கூறுகளைக் காட்டினாலும், வேகம் செறிவின் முதல் அடுக்கையே சார்ந்திருந்தது.

வான்ட் ஹாஃப் தாம் கண்ட எண்ணை, வினையில் மோதும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையாகவே புரிந்துகொண்டார். வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் 1887இல் அறிமுகப்படுத்திய செருமானியச் சொல் 'ஆர்ட்னுங்'. இது வரிசை அல்லது படிநிலை எனப் பொருள்படுவது. மூலக்கூறுகள் எத்தனை மோதுகின்றன என்னும் கொள்கைக் கூற்றிலிருந்து, வேகம் எவ்வடுக்கைச் சார்ந்துள்ளது என்னும் சோதனைக் கூற்றைப் பிரிப்பதற்கு இச்சொல் வழிவகுத்தது. ஒன்றைத் தவிர ஏனைய வினைபடுபொருள்களை மிகுதியாக எடுத்து, அவ்வொன்றின் அடுக்கைத் தனித்துக் காணும் முறையும் ஓஸ்ட்வால்டின் பெயரோடு இணைத்தே கூறப்படுகிறது.

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் இங்கு எண்ணத்தக்கது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இக்கருத்தை 'வினைவகை' என்றும், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'தாக்க வரிசை' என்றும் வழங்குகின்றன. 'வகை' என்னும் சொல் பண்பு சார்ந்த பாகுபாட்டை நினைவூட்டுவது; அது ஓர் எண் என்பதும், 1.5 போன்ற பின்னமாகவும் அமையலாம் என்பதும் அச்சொல்லில் தொனிப்பதில்லை. 'ஒன்றரை வகை வினை' என்னும் தொடர் மாணவருக்குத் தரும் தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். 'வரிசை' என்பது ஓஸ்ட்வால்டின் சொல்லுக்கு அணுக்கமானது. ஆயினும் பின்னத்தை ஏற்பதில் அதற்கும் இடர்ப்பாடு உண்டு. சோதனையில் பெறப்படும் அடுக்கு என்னும் பொருளை வகுப்பறையில் அழுத்திக் கூறவேண்டிய தேவை இதனால் எழுகிறது.

6. போடென்ஸ்டைன், லிண்ட்: தொடக்கம் மறைக்கும் உண்மை

ஹைட்ரஜனும் புரோமினும் சேர்ந்து ஹைட்ரஜன் புரோமைடு உருவாகும் வினையின் சமன்பாடு மிக எளிமையானது. அயோடினுடன் நிகழும் இணையான வினை, ஹைட்ரஜன் செறிவையும் அயோடின் செறிவையும் பெருக்கிய தொகைக்கு நேர்விகிதத்தில் நடைபெறுகிறது என்பதை மாக்ஸ் போடென்ஸ்டைன் 1890களில் காட்டியிருந்தார். புரோமினும் அவ்வாறே நடந்துகொள்ளும் என எதிர்பார்ப்பது இயல்பு. போடென்ஸ்டைனும் சாமுவேல் லிண்டும் 1907இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. வேகம், ஹைட்ரஜன் செறிவையும் புரோமின் செறிவின் இருபடி மூலத்தையும் பெருக்கிய தொகையைச் சார்ந்திருந்தது. அத்தொகையை வகுக்கும் கோவையில் ஹைட்ரஜன் புரோமைடுக்கும் புரோமினுக்கும் உள்ள செறிவு விகிதம் இடம்பெற்றது. அதாவது, விளைபொருளே தன் உருவாக்கத்தைத் தடுத்தது.

இவ்விதியைத் தொடக்க வேகத்தைக் கொண்டு மட்டும் ஆராய்ந்தால் என்ன நேரும்? தொடக்கத்தில் ஹைட்ரஜன் புரோமைடு இல்லை. ஆகவே வகுக்கும் கோவை மாறிலியாகிவிடும். ஹைட்ரஜனின் அடுக்கு 1, புரோமினின் அடுக்கு 0.5 எனத் தூய விடை கிடைக்கும். அவ்விடை தவறன்று, ஆனால் விளைபொருளின் தடுப்பு முற்றிலும் மறைந்துவிடும். மறுபுறம், ஒரே சோதனையின் போக்கை மட்டும் பின்தொடர்ந்தால் தடுப்பும் புரோமின் குறைவும் ஒன்றோடொன்று கலந்து, எந்த ஒற்றை அடுக்கும் பொருந்தாது. தொடக்கத்திலேயே ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்து, அதனையும் ஒரு மாறியாகக் கொள்வதே இரண்டையும் பிரித்தறியும் வழி.

இவ்விதியின் பொருள் 1919–1920இல் விளங்கியது. கிறிஸ்டியான்சன், ஹெர்ஸ்ஃபெல்ட், போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே சங்கிலி வினைவழிமுறையை முன்வைத்தனர். புரோமின் மூலக்கூறு அணுக்களாகப் பிரிந்து சமநிலையில் இருப்பதால் அணுச்செறிவு புரோமின் செறிவின் இருபடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது, 0.5 என்னும் அடுக்கு அதிலிருந்து வருகிறது. சங்கிலியைத் தொடரும் ஹைட்ரஜன் அணுவுக்காகப் புரோமினும் ஹைட்ரஜன் புரோமைடும் போட்டியிடுகின்றன. வகுக்கும் கோவை அதிலிருந்து வருகிறது. விதியின் ஒவ்வோர் உறுப்பும் வினைவழிமுறையின் ஒரு படியைச் சுட்டிற்று.

7. மிக்காயெலிஸ், மென்டென்: மீண்டும் சர்க்கரை

வில்ஹெல்மி ஆராய்ந்த அதே சர்க்கரை வினை, அமிலத்துக்கு மாறாக ஈஸ்ட்டில் உள்ள இன்வர்ட்டேஸ் நொதியால் நிகழும்போது வேறு இயல்பைக் காட்டியது. சர்க்கரைச் செறிவு மிகும்போது வேகம் செறிவைச் சாராது நிற்பதை ஏட்ரியன் பிரவுன் 1902இல் சுட்டினார். நொதியும் சர்க்கரையும் இணைந்து ஓர் இடைநிலைச் சேர்மம் உருவாவதாகக் கொண்டு விக்டர் ஆன்ரி 1903இல் சமன்பாட்டை அமைத்தார். ஆனால் அவருடைய சோதனைகளில் கரைசலின் அமிலத்தன்மை கட்டுப்படுத்தப்படவில்லை. மற்றொரு சிக்கலும் இருந்தது. சர்க்கரையிலிருந்து புதிதாக விடுபடும் குளுக்கோசின் ஒளிச்சுழற்சி உடனடியாக நிலைபெறுவதில்லை. சிறிதுநேரம் தானாகவே குறைந்துகொண்டே சென்று பின்னர் நிலைபெறும். ஆகவே போலாரிமீட்டர் காட்டும் கோணம் உண்மையில் நிகழ்ந்த வினையை விடக் குறைவான வினையையே காட்டும். இப்பிழை தொடக்கத்தில்தான் மிகுதியாகத் தாக்கும்.

லியோனார் மிக்காயெலிசும் கனடிய மருத்துவர் மாட் மென்டெனும் பெர்லினில் செய்து 1913இல் வெளியிட்ட ஆய்வு இவ்விரு குறைகளையும் நீக்கியது. அமிலத்தன்மை தாங்கல் கரைசலால் நிலைநிறுத்தப்பட்டது. குறித்த நேரங்களில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் காரம் சேர்க்கப்பட்டது. காரம் நொதியை நிறுத்தியதோடு, ஒளிச்சுழற்சி விரைந்து நிலைபெறவும் உதவியது. விளைபொருள்கள் நொதியுடன் இணைந்து வேகத்தைக் குறைப்பதால், அவை இல்லாத தொடக்க வேகத்தையே வெவ்வேறு சர்க்கரைச் செறிவுகளில் அவர்கள் ஒப்பிட்டனர். நொதி–சர்க்கரைச் சேர்மத்தின் பிரிகை மாறிலி லிட்டருக்கு 0.0167 மோல் எனப் பெறப்பட்டது.

இதில் வான்ட் ஹாஃபின் அடுக்கும் புதிய வடிவம் பெறுகிறது. சர்க்கரை மிகக் குறைவாக இருக்கையில் அடுக்கு 1. மிக அதிகமாக இருக்கையில் 0. இடையில் அது தொடர்ச்சியாக மாறும் எண். இரு புள்ளிகளைக் கொண்டு அடுக்கைக் கணித்தால், கிடைப்பது விதியன்று, அவ்விரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட சராசரியே.

அவர்கள் தொடக்க வேகத்தோடு நின்றுவிடவில்லை என்பதும் அறியத்தக்கது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகியவற்றின் தடுப்பையும் தனித்தனியே அளந்து, முழு வினைப்போக்கையும் ஒரே மாறிலியால் விளக்கிக் காட்டினர். செருமானியத்தில் இருந்த அக்கட்டுரையின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பை ஜான்சனும் குடியும் 2011இல் வெளியிட்டபோது, பெரிதும் மறக்கப்பட்டிருந்த இப்பகுதி மீண்டும் கவனம் பெற்றது.

8. 'தொடக்கம்' எதுவரை?

தொடக்க வேகத்தை நேரடியாக அளக்கும் கருவி இல்லை. வினையின் முதற்சிறு பகுதியில் நிகழ்ந்த மாற்றத்தை அதற்கான காலத்தால் வகுத்துப் பெறும் சராசரியே தொடக்க வேகமாகக் கொள்ளப்படுகிறது. முதல்வகை வினையொன்று 5 விழுக்காடு நிறைவுறும்வரை அளந்தால் இச்சராசரி உண்மையான தொடக்க வேகத்தைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு குறையும். 10 விழுக்காடு வரை அளந்தால் ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும். தயோசல்ஃபேட்டின் அளவை மாற்றாத கடிகார முறையில், செறிவு பாதியானால் நிறைவுறும் விழுக்காடு இருமடங்காகும். எனவே இப்பிழை எல்லாச் சோதனைகளிலும் சமமாக அமைந்து நீங்கிவிடுவதில்லை. மேற்கண்ட இரு நிலைகளை ஒப்பிட்டால், உண்மையில் 1 ஆன அடுக்கு 1.04 எனக் கிடைக்கும்.

அளவீட்டுப் பிழையும் இவ்வாறே கருதத்தக்கது. ஒவ்வொரு வேகத்திலும் 5 விழுக்காடு பிழை எதிரெதிர்த் திசைகளில் அமைந்தால், செறிவை இருமடங்காக்கும் சோதனையில் அடுக்கு ஏறத்தாழ 0.14 அளவு பிழைபடும். செறிவைப் பத்துமடங்காக்கினால் அப்பிழை 0.04 ஆகக் குறையும். பாடநூல் அட்டவணைகள் பெரும்பாலும் இருமடங்கையே கையாள்வது கணக்கின் எளிமைக்காக. ஆய்வாளருக்கு வேண்டுவது அகன்ற செறிவு வீச்சு.

இவ்விரு முறைகளின் முடிவுகளும் வேறுபடும்போது அவ்வேறுபாட்டையே சான்றாகக் கொள்ளலாம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் லெட்டோர் 1937இல் தெளிவுபடுத்தினார். அசிட்டால்டிஹைடு வாயுவின் வெப்பச் சிதைவில், தொடக்க அழுத்தத்தை மாற்றித் தொடக்க வேகங்களை ஒப்பிட்டபோது அடுக்கு 1.5. ஒரே சோதனையின் போக்கைப் பின்தொடர்ந்தபோது அடுக்கு 2. முன்னையது செறிவு சார்ந்த அடுக்கு எனவும், பின்னையது காலம் சார்ந்த அடுக்கு எனவும் பிரித்தறியப்பட்டன. வினை முன்னேறும்போது வேகம் எதிர்பார்ப்பைவிட விரைந்து குறைகிறது என்பதே இதன் பொருள். விளைபொருள் தடுக்கிறது என்பதற்கு அது அறிகுறி. அடுக்குகளின் வேறுபாடு பிழையாகத் தள்ளப்படாமல் செய்தியாகப் படிக்கப்பட்டது.

9. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. வினைவேக விதியின் அடுக்கு சோதனையால் அறியப்படுவது என்னும் கருத்து 1864இலேயே தோன்றியிருந்தும், சமநிலைக்குரிய வடிவத்தின் வெற்றியால் பின்தள்ளப்பட்டு, ஹார்கோர்ட், வான்ட் ஹாஃப், போடென்ஸ்டைன் ஆகியோரின் அளவீடுகளால் நிலைபெற்றது. தொடக்கத்தைத் தேர்ந்தது, ஆய்வாளர் அறிந்து தயாரித்த கலவை அக்கணத்தில் மட்டுமே நிலவுகிறது என்பதனால். அதன்பின் உள்ள கலவையில் வினையும் தன் பங்கைச் சேர்த்துவிடுகிறது. ஆகவே தொடக்க வேகம், வினைபடுபொருள்கள் பற்றிய வினாவுக்கு ஐயமற்ற விடை தருகிறது. விளைபொருள்கள் பற்றிய வினாவை எழுப்புவதே இல்லை.

அட்டவணைக் கணக்கைக் கற்பிப்போர், அக்கணக்கை முடித்தபின் மேலும் ஒரு வினாவை மாணவர்முன் வைக்கலாம்: இதே சோதனையைத் தொடக்கத்தில் நிறுத்தாமல் தொடர்ந்திருந்தால் இவ்விதி பொருந்தியிருக்குமா? புரோமின் வினையில் அவ்வினாவே சங்கிலி வினைவழிமுறைக்கு இட்டுச்சென்றது.